அடையாறு சாந்தா செய்தது சேவையா, ஆராய்ச்சியா? (மார்புப் புற்று, ரத்தப் புற்று மருந்துகள்)

கொக்கிரகுளம் | 04.03.2024, காலை 9:12

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர் சாந்தாவைப் பத்தி எங்க எழுதினாலும் சேவை, தியாகம், எளிமைன்னுதான் எழுதுதாங்க. ஆராய்ச்சியாளர்னு யாரோ சொன்னா அது மரியாதைக்குச் சொல்றது. புது மருந்து ஏதாவது கண்டுபிடிச்சாங்களா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. அப்போ அது நல்ல நிர்வாகம், ஆராய்ச்சி இல்ல. மறுக்கிறவங்க விவரத்தோட மறுக்கணும்.

கூடவே ஒரு சந்தேகம். மார்புப் புற்று வந்த எங்க சித்தி சீட்டுல மெத்தோட்ரெக்சேட்னு இருக்கு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ரத்தப் புற்று, அவன் சீட்டுலயும் அதே பேர். ரெண்டுல ஒண்ணு தப்பா?

மருந்துக்கடை அண்ணாச்சி | 04.03.2024, பகல் 1:40

சந்தேகத்தை முதல்ல முடிக்கேன். ரெண்டும் சரி. அதே மருந்து முடக்குவாதத்துக்கும் உண்டு, சொரியாசிஸுக்கும் உண்டு. அளவும் இடைவெளியும்தான் வேற.

செல் ரெண்டாப் பிரியணும்னா டி.என்.ஏ. புதுசா உண்டாகணும். அதுக்கு ஃபோலிக் ஆசிட் ஒரு உருமாறின நிலையில வேணும். அப்படி மாத்துற நொதி டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ். மெத்தோட்ரெக்சேட் பார்வைக்கு ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருக்கும். அந்த நொதிக்குள்ள போயி, பூட்டுக்குள்ள முறிஞ்ச சாவி மாதிரி அடைச்சுக்கிடும். வேகமாப் பிரியுற எல்லாச் செல்லும் நிக்கும்: வெள்ளணுப் புற்று, மார்புக் கட்டி, கூடவே வாயோட உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை. மருந்து போட்டு ஒரு வாரத்துல வாய்ப்புண் வர்றது இதனாலதான்.

இந்த மருந்து வந்த பாதை: பீமவரத்துல 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்ச எல்லப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவுல லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைமை தாங்கினார். ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையா உண்டாக்கினது அவர் குழு. அதுக்கு எதிரா வேலை செய்யுற அமினோப்டெரினும் அங்கதான் உருவாச்சு. பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்று வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் அடங்குச்சு. 1948 ஜூன்ல கட்டுரை வந்துச்சு, ஆகஸ்ட்ல சுப்பாராவ் போயிட்டார். வயசு 53. அமினோப்டெரினுக்கு அடுத்து வந்தது மெத்தோட்ரெக்சேட், நஞ்சைக் கட்டுப்படுத்துறது அதைவிட லேசு.

கட்டியா வர்ற புற்றுக்கும் இது கேட்கும்னு 1951-ல் காட்டினவங்க நியூயார்க் ஹார்லெம் ஆஸ்பத்திரியில இருந்த ஜேன் ரைட். அவங்க பார்த்ததுல மார்புப் புற்று முக்கியமானது. அதுக்குப் பொறவு இத்தாலியில போனடோனா சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃப்ளூரோயுராசில் மூணையும் சேர்த்து, மார்புக் கட்டியை அறுத்த பிறகு கொடுத்து 1976-ல் முடிவை வெளியிட்டார். அதுதான் சி.எம்.எஃப். உங்க சித்தி சீட்டுல இருக்கிறது அநேகமா இதுதான். இப்ப பெரும்பாலும் டாக்சோரூபிசின் வச்ச முறைதான் முதல்ல வரும். இதயம் பலமில்லாதவங்களுக்கு, வயசானவங்களுக்கு சி.எம்.எஃப். இன்னும் கை கொடுக்குது.

கொக்கிரகுளம் | 04.03.2024, பகல் 2:05

மெத்தோட்ரெக்சேட்டைக் கண்டுபிடிச்சது ஜேன் ரைட்னு வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்துது.

மருந்துக்கடை அண்ணாச்சி | 04.03.2024, பகல் 2:11

கண்டுபிடிச்சது லெடர்லி. எதுக்கு, எப்படி, எவ்வளவுன்னு சோதிச்சதுதான் ரைட் வேலை. அதையும் லேசா நினைக்காதீங்க. நோயாளி உடம்புல இருந்து எடுத்த கட்டித் துணுக்கைக் கண்ணாடித் தட்டுல வளர்த்து, அதுமேல மருந்தைப் போட்டுப் பார்த்து, எது கேட்குதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமான்னு பார்த்தாங்க. அவங்க அப்பா லூயிஸ் ரைட் 1948-ல் தொடங்கின புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அது. 1952-ல் அவர் இறந்ததும் மகள் பொறுப்புக்கு வந்தாங்க. 1964-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தைத் தொடங்கின ஏழு பேர்ல ஒரே பெண். புது மருந்து ஒண்ணுகூட அவங்க பேர்ல கிடையாது. உங்க கணக்குப்படி பார்த்தா அவங்களும் நிர்வாகிதான், என்ன வே?

வார்டு சிஸ்டர் | 04.03.2024, இரவு 9:48

சித்தி சீட்டுன்னு சொன்னதால அளவை எழுதுதேன். சரிபார்க்கத்தான் இது, மாத்துறதுக்கு இல்ல.

உயரம் சென்டிமீட்டர்ல, எடை கிலோவுல. ரெண்டையும் பெருக்கி 3600-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தா உடல் பரப்பு. 150 செ.மீ., 54 கிலோன்னா 8100, வகுத்தா 2.25, மூலம் 1.5 சதுர மீட்டர்.

பழைய சி.எம்.எஃப்.ல சதுர மீட்டருக்கு மெத்தோட்ரெக்சேட் 40 மி.கி., ஃப்ளூரோயுராசில் 600 மி.கி., ரெண்டும் 1-ஆம் நாளும் 8-ஆம் நாளும் நரம்பு வழியா. சைக்ளோஃபாஸ்ஃபமைடு 100 மி.கி. வாய் வழியா, 1 முதல் 14 நாள் வரை. 28 நாளுக்கு ஒரு சுத்து. மேல சொன்ன அம்மாவுக்குக் கணக்குப் போட்டா 60 மி.கி., 900 மி.கி., தினம் 50 மி.கி. மாத்திரை மூணு. முதல்ல 12 சுத்து கொடுத்தாங்க, ஆறே போதும்னு பொறவு தெரிஞ்சுது.

எங்க தப்பும்னா எடையில. முதல் சுத்துல எழுதின 54 கிலோவையே ஆறாவது சுத்து வரைக்கும் பார்த்து எழுதிக்கிட்டே வருவாங்க. ஆளு 47 கிலோ ஆயிருக்கும். ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழட்டிட்டு நிறுக்கச் சொல்லிக் கேளுங்க.

சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாத்திரை காலையில. ராத்திரி போட்டா அதோட கழிவு விடியற வரைக்கும் மூத்திரப்பையிலயே நின்னு புண்ணாக்கும், ரத்தமாப் போகும். அன்னைக்கு ரெண்டு மூணு லிட்டர் தண்ணி உள்ளே போகணும், இதயக் கோளாறு, கிட்னிக் கோளாறு இல்லாதவங்களுக்கு.

மருந்துக்கடை அண்ணாச்சி | 05.03.2024, காலை 7:30

சிஸ்டர் தண்ணியைச் சொன்னதால ஒண்ணு சேர்க்கணும். மெத்தோட்ரெக்சேட் வெளியேறுறது கிட்னி வழியா. சித்திரை, வைகாசி வெயில்ல நம்ம ஊர்ல ஆள் வத்திப் போய்தான் ஊசிக்கு வருவாங்க, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) ஏறி நிக்கும். அப்போ அதே 60 மி.கி. உடம்புக்குள்ள ரெண்டு மடங்கு நேரம் தங்கினாலும் ஆச்சரியமில்ல. நெஞ்சுல நீர், வயித்துல நீர் இருந்தாலும் மருந்து அதுக்குள்ள ஒதுங்கி நாள்கணக்கா ரத்தத்துக்குத் திரும்பிக்கிட்டே இருக்கும். நீரை எடுத்துட்டுத்தான் கொடுப்பாங்க.

கூடச் சேரக் கூடாதது: இடுப்பு வலிக்குன்னு கடையில வாங்குற டைக்ளோஃபெனாக், மூத்திரக் கடுப்புக்கு கோட்ரைமாக்சசோல், வயித்து எரிச்சலுக்கு ஓமெப்ரசோல். மூணும் இந்த மருந்தை உடம்புல தேக்கி வைக்கும், கோட்ரைமாக்சசோல் மஜ்ஜையையும் சேர்த்து அடிக்கும். பீடி சுத்துற பொம்பளையாளுக்கு முதுகு வலி இல்லாத நாள் கிடையாது, வலி மாத்திரையை மருந்துன்னே கணக்குல சேர்க்க மாட்டாங்க. "வேற மருந்து சாப்பிடுதீயளா?"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் வரும். "முதுகு வலிக்கு என்ன போடுதீய?"ன்னு கேளுங்க, பதில் வரும்.

கொக்கிரகுளம் | 05.03.2024, காலை 8:02

இதெல்லாம் சரி. சாந்தா?

மருந்துக்கடை அண்ணாச்சி | 05.03.2024, இரவு 10:20

வாரேன், வாரேன்.

பிறப்பு 1927, மயிலாப்பூர். சென்னை மருத்துவக் கல்லூரி, 1949-ல் எம்.பி.பி.எஸ்., 1955-ல் எம்.டி. படிச்சது மகப்பேறு. அரசு வேலை கிடைச்சும் விட்டுட்டு 1955 ஏப்ரல்ல அடையாறுக்கு வந்துட்டாங்க. முத்துலட்சுமி ரெட்டி அதை 1954-ல் 12 படுக்கையோட தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகல. அங்க அவரோட மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இருந்தார். ரெண்டு பேரும்தான் தூண். 2021 ஜனவரியில சாந்தா இறக்குற வரைக்கும் அந்த வளாகத்துலதான். நடுவுல 1980 முதல் 1997 வரை இயக்குநர். 2005-ல் மகசேசே. விருதுகளை இதோட விட்டுருவோம், கேள்வி அது இல்ல.

ரத்தப் புற்றுல அவங்க வேலை எம்.சி.பி. 841. 1984-ல் தொடங்கினது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துல இருந்து இயான் மக்ராத், சென்னையில சாந்தா, மும்பை டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரியில அத்வானி, டெல்லி எய்ம்ஸ் எல்லாரும் சேர்ந்து வச்ச ஒரே முறை. குழந்தைகளுக்கு வர்ற கடும் லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுக்கு. முதல் கட்டம் ப்ரெட்னிசலோன், வின்கிறிஸ்டின், டௌனோரூபிசின், எல்-அஸ்பராஜினேஸ், முதுகுத்தண்டு நீருக்குள்ள மெத்தோட்ரெக்சேட். தலைக்குக் கதிர்வீச்சும் உண்டு. பொறவு கட்டம் கட்டமா, கடைசியில பராமரிப்பு மருந்து.

இதுல சேர்க்காம விட்டதைக் கவனிங்க. மேல்நாட்டு முறைகள்ல மெத்தோட்ரெக்சேட்டைக் கிராம் கணக்குல நரம்பு வழியா ஏத்துவாங்க. அப்படி ஏத்தினா மூத்திரத்தோட அமிலத்தன்மையைக் குறைக்கணும், 24, 48, 72 மணி நேரத்துல ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு அளக்கணும், லூக்கோவோரின் கொடுத்து நல்ல செல்லை மீட்கணும், லிட்டருக்கு 0.1 மைக்ரோமோலுக்குக் கீழ இறங்குற வரைக்கும் விடக் கூடாது. அளக்குற வசதி இல்லாத ஊர்ல அதைச் செஞ்சா புற்று சாகுறதுக்கு முன்னால பிள்ளை போயிரும். அதனால அந்தக் கட்டமே இல்லாம வச்சாங்க. இருக்குற ஆய்வகம், இருக்குற ரத்த வங்கி, இருக்குற கட்டில், இதுக்குள்ள எவ்வளவு தீவிரமாப் போகலாம்னு பார்த்து வகுத்த முறை.

இருபது வருஷ அனுபவத்தை 2005-ல் ஐரோப்பியப் புற்றுநோய் இதழ்ல வெளியிட்டாங்க. முறை ஒண்ணு, ஊர் மூணு, பலன் மூணு இடத்துலயும் ஒண்ணா இல்ல. ஏன் இல்லங்கிறதுதான் படிக்க வேண்டிய இடம். நோய் முத்தி வர்றது, சத்துக் குறைவு, மருந்தால வெள்ளணு விழுந்து கிருமி தொத்துறது, பாதியில நின்னு போறது.

கொக்கிரகுளம் | 05.03.2024, இரவு 10:41

மார்புப் புற்றுல?

மருந்துக்கடை அண்ணாச்சி | 05.03.2024, இரவு 11:06

அவங்ககிட்ட வந்தவங்கள்ல ஏராளமானவங்க கட்டி தோல்ல ஒட்டி, அக்குள்ல நெரி கட்டி, மூணாம் நிலையில வந்தவங்க. எடுத்த எடுப்புல அறுத்தா சுத்தமா எடுக்க முடியாது. அடையாறு முறை: முதல்ல மருந்தும் கதிர்வீச்சும் ஒண்ணாச் சேர்த்து, கட்டி சுருங்கின பொறவு அறுவை. 1990 முதல் 1999 வரை இப்படிப் பார்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கணக்கை 2008-ல் வெளியிட்டாங்க. கணிசமானவங்களுக்கு அறுத்து எடுத்த துண்டுல உயிருள்ள புற்றே இல்லாமப் போயிருந்துச்சு.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லணும். இது பின்னோக்கிப் பார்த்த கணக்கு. சீட்டுக் குலுக்கி ஒரு பாதிக்கு இந்த முறை, மறு பாதிக்கு மத்த முறைன்னு ஒப்பிட்டது இல்ல. அதனால மத்த முறையைவிட இது மேலுன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. இந்த வரிசையில செஞ்சா இவ்வளவு கிடைக்கும்னு மட்டும் சொல்லலாம்.

பதிவேட்டு ஆள் | 06.03.2024, காலை 6:55

புது மருந்து மட்டும்தான் ஆராய்ச்சின்னா நாங்கல்லாம் என்ன செய்யுதோம்?

சென்னைக்கு மக்கள்தொகை அடிப்படையில புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்துல அடையாறுல ஆரம்பிச்சது. ஒரு ஆஸ்பத்திரியில எத்தனை பேர்னு எண்ணுறது இல்ல. ஒரு எல்லைக்குள்ள குடியிருக்குற எல்லாரையும், அவங்க எங்க வைத்தியம் பார்த்தாலும் தேடிப் பிடிச்சு எண்ணுறது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா, ஆய்வகம் ஆய்வகமா, இறப்புப் பதிவு வரைக்கும் போயி எடுக்கணும்.

அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு சொல்லணும்ல, அங்கதான் வேலை. சும்மா ஒரு உதாரணக் கணக்கு. 100 பேர். 40 பேர் உசுரோட இருக்காங்க, தெரியும். 30 பேர் இறந்துட்டாங்க, தெரியும். மீதி 30 பேர் திரும்பி வரவே இல்ல. அந்த 30 பேரைக் கணக்குலயே எடுக்கலன்னா 70-ல் 40, அதாவது 57 சதவீதம். எல்லாரும் இறந்துட்டதா வச்சா 40. எல்லாரும் நல்லா இருக்கதா வச்சா 70. அதே மருந்து, அதே டாக்டர், எந்த நம்பர் வேணுமோ எடுத்துக்கலாம். திரும்பி வராதவங்கள்ல நோய் முத்தினவங்கதான் கூடுதல்னு நினைக்கக் காரணம் இருக்கு, அதனால புள்ளியியல் சூத்திரம் போட்டாலும் முழுசாச் சரியாகாது. அந்த 30-ஐ 5 ஆக்குறதுதான் தீர்வு. கடிதம் போடணும், போன் பண்ணணும், பதில் இல்லன்னா வீடு தேடிப் போகணும். அடையாறு இதை விடாமச் செஞ்ச இடம். அவங்க கட்டுரைகளை நம்பிப் படிக்க முடியுதுன்னா அதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

நம்ம ஜில்லாவுல இது எவ்வளவு கஷ்டம்னு பாருங்க. நோட்டுல "இசக்கியம்மாள், 48, க/பெ சுடலைமுத்து, மேலத் தெரு"ன்னு இருக்கும். அந்த ஊர்ல போயி இசக்கியம்மாளைக் கேட்டா "எந்த இசக்கி? பண்டாரம் மக இசக்கியா, வளவு வீட்டு இசக்கியா, பீடிக் கடை இசக்கியா?"ன்னு கேப்பாங்க. புருஷன் பேர் சுடலைமுத்துன்னா அதுலயும் நாலு பேர். அதனால முதல் நாளே அப்பா பேர், கதவு எண், ரேஷன் கடை எது, வீட்டுக்குப் பக்கத்துல எந்தக் கோயில், பட்டப்பேர், ரெண்டு சொந்தக்காரங்க நம்பர் எல்லாம் வாங்கிடணும். நம்பர் ஒண்ணு மட்டும் வாங்கினா மக கல்யாணமாகித் திருப்பூர் போனதோட அந்த நம்பரும் போயிரும்.

கொக்கிரகுளம் | 06.03.2024, காலை 8:30

சரி. ஆராய்ச்சிதான். வாபஸ். ஆனா இதை ஏன் யாரும் இப்படி எழுதல? எல்லாரும் வெள்ளைச் சேலையைத்தான் எழுதுதாங்க.

பதிவேட்டு ஆள் | 06.03.2024, காலை 8:33

சேலையைப் படம் எடுக்கலாம். ஃபாலோ-அப் நோட்டை எப்படி எடுக்க?

சாத்தான்குளம் சம்சாரி | 07.03.2024, மாலை 5:15

வின்கிறிஸ்டின்னு மேல எழுதியிருக்கீங்க. அது நம்ம நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லின்னு சொல்லுவோம்ல, அதேதான். இந்தப் பக்கம் செம்மண் மானாவாரியில போடுற பயிர்.

விதை புதுசா இருக்கணும், பழைய விதை முளைக்காது. எக்டேருக்கு ரெண்டரைக் கிலோ. ரொம்பப் பொடி விதை, அப்படியே வீசினா ஒரே இடத்துல கொட்டிரும். பத்து மடங்கு மணலோட கலந்து தூவணும். ஆறாம் மாசம் ஒரு தடவை, ஒன்பதாம் மாசம் ஒரு தடவை இலை உருவலாம். வருஷம் முடிஞ்சதும் தரையில இருந்து நாலு விரக்கடை விட்டுத் தண்டை அறுத்துட்டு, நிலத்தை நல்லா நனைச்சு உழுதா வேர் முறியாம வரும். கழுவி நிழல்ல காய வைக்கணும்.

வேருக்கு விலை தனி, இலைக்கு விலை தனி. ஏன்னு யாராவது சொல்லுங்க.

மருந்துக்கடை அண்ணாச்சி | 07.03.2024, இரவு 9:00

வேர்ல அஜ்மலிசின், ரத்த ஓட்டத்துக்கும் பிரஷருக்கும். இலையில வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின். டன் கணக்கா இலை போட்டாத்தான் கிராம் கணக்குல கிடைக்கும், அதான் ஊசி விலை அப்படி இருந்துச்சு.

இதுவும் தற்செயல்தான். கனடாவுல நோபிளும் பியரும் சர்க்கரை நோய்க்கு இந்த இலைக் கஷாயம் கேட்குமான்னு எலியில பார்த்தாங்க. சர்க்கரை குறையல, வெள்ளணு குறைஞ்சுது. அதைப் பிடிச்சுக்கிட்டு 1958-ல் வின்பிளாஸ்டினை வெளியிட்டாங்க. வின்கிறிஸ்டின் 1963-ல் அமெரிக்க அனுமதி வாங்கி, குழந்தை ரத்தப் புற்றுல நிலைச்சுப் போச்சு. அதே செடிச் சரக்குல இருந்து பாதிச் செயற்கையா செய்யுற வினோரெல்பின் மார்புப் புற்றுக்குக் கொடுக்குறது. ஆக கொக்கிரகுளத்தாரே, உங்க ரெண்டு சீட்டையும் சேர்த்து வைக்கிற ரெண்டாவது சரக்கு சாத்தான்குளத்துல விளையுது.

உடனே யாரும் இலையைப் பறிச்சுக் கஷாயம் வைக்க வேண்டாம். இலைக்கு இலை அளவு மாறும், மருந்தா வேலை செய்ய வேண்டிய அளவு கிடைக்காது, வாந்தியும் மஜ்ஜைக் கேடும் கிடைக்கலாம்.

வார்டு சிஸ்டர் | 08.03.2024, காலை 5:50

வின்கிறிஸ்டின் பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமப் போக முடியாது. அது நரம்புக்குள்ள மட்டும். முதுகுத்தண்டுக்குள்ள போச்சுன்னா உசுரு தங்குறது அபூர்வம். ஆனா ரத்தப் புற்றுப் பிள்ளைக்கு ஒரே நாள்ல முதுகுல மெத்தோட்ரெக்சேட், கையில வின்கிறிஸ்டின்னு ரெண்டும் எழுதியிருக்கும். ரெண்டும் சிரிஞ்சுல ஒரே டிரேயில வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. உலகத்துல பல இடத்துல ஆயிருக்கு. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கையே விட்டுச்சு.

வழி ரொம்ப எளிசு. வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சுல எடுக்கவே கூடாது, 50 மி.லி. சலைன் பையில கலந்து தொங்கவிடணும். பையை யாரும் முதுகு ஊசியில மாட்ட மாட்டாங்க. அஞ்சு பத்து நிமிஷத்துல ஏறிரும், பக்கத்துல நின்னு பார்க்கணும். நரம்பை விட்டு வெளிய கசிஞ்சா தோல் அழுகும். கசிஞ்சதும் நிறுத்தி, உள்ளே இருக்கிறதை உறிஞ்சி எடுத்து, வெந்நீர் ஒத்தடம். டாக்சோரூபிசின் கசிஞ்சா ஐஸ். இதை மாத்திச் செய்யுற ஆள் உண்டு.

எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒரு தடவைக்கு 2 மி.கி.க்கு மேல பொதுவாப் போக மாட்டாங்க. அன்னையில இருந்து மலச்சிக்கல் மருந்து, பிள்ளை நாலு நாள் போகலைன்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தாடை வலி, நடக்கும்போது பாதம் தொங்குறது ரெண்டையும் கேட்டுக் குறிக்கணும். பூஞ்சைக்கு இட்ரகொனசோல், வோரிகொனசோல் ஓடுதுன்னா டாக்டர்கிட்ட சத்தமாச் சொல்லுங்க, நரம்புக் கேடு பல மடங்காகும்.

கொக்கிரகுளம் | 08.03.2024, மதியம் 12:20

பையன் இப்ப ஊசி முடிஞ்சு வீட்டுல மாத்திரை. அவன் அம்மா கேட்கச் சொன்னாங்க. ராத்திரிதான் கொடுக்கணுமா? பாலோட கொடுக்கலாமா? அவனுக்கு மாவு உருண்டையிலயும் அல்வாவுலயும் வச்சாத்தான் இறங்குது.

மருந்துக்கடை அண்ணாச்சி | 08.03.2024, இரவு 8:44

ரெண்டு மாத்திரையையும் தனித்தனியாப் பாருங்க, இங்கதான் உசுருக்கு ஆபத்து.

மெர்காப்டோப்யூரின் தினம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள். இதை மாத்தித் தினம் கொடுத்தா ஒரு வாரத்துல வாயெல்லாம் புண்ணாகி மஜ்ஜை படுத்துரும். அதனால "வாரம் ஒரு முறை"ன்னு மட்டும் அட்டையில எழுதினா பத்தாது, கிழமையை எழுதணும்: "வியாழக்கிழமை மட்டும்". 2.5 மி.கி.யும் 10 மி.கி.யும் ரெண்டும் கடையில உண்டு, ரெண்டும் மஞ்சள் சின்ன மாத்திரையா இருக்கலாம். போன மாசம் வாங்கின அட்டையைக் கொண்டு போயி அதே பலம்தானான்னு பார்த்து வாங்கணும்.

கணக்கு: பையன் பரப்பு 0.8 சதுர மீட்டர்னு வைங்க. மெத்தோட்ரெக்சேட் சதுர மீட்டருக்கு 20 மி.கி.ன்னா 16, 2.5 மாத்திரை ஆறு போட்டா 15, போதும். மெர்காப்டோப்யூரின் 50 மி.கி.ன்னா தினம் 40. மாத்திரை 50 மி.கி., தினமும் அஞ்சுல நாலு பங்கு உடைக்க முடியாது. வாரக் கணக்கா 280 எடுத்துக்கிட்டு நாலு நாள் முழுசு, மூணு நாள் அரைன்னா 275. இப்படித்தான் எழுதித் தருவாங்க. வெள்ளணு ரொம்ப விழுந்தா குறைப்பாங்க, விழவே இல்லன்னா கூட்டுவாங்க. விழாம இருக்குறது நல்ல செய்தி இல்ல, மருந்து போகலங்கிறதா இருக்கலாம்.

நம்ம நாட்டுப் பிள்ளைகள்ல சிலருக்கு நுட்15 (NUDT15)-ங்கிற மரபணுவுல மாற்றம் இருக்கும், வழக்கமான அளவுலயே வெள்ளணு சரிஞ்சுரும். ரெண்டு தடவை காரணமில்லாமச் சரிஞ்சா அதைப் பார்க்கச் சொல்லுங்க. யூரிக் அமிலத்துக்கு அல்லோப்யூரினால் ஓடினா மெர்காப்டோப்யூரினை வழக்கமான அளவுல கால்வாசியாவோ மூணுல ஒரு பங்காவோ ஆக்கணும்.

ராத்திரி, வெறும் வயிறு, பால் கூடாதுங்கிறது ரொம்ப நாள் சொன்ன விதி. பாலுல இருக்கிற ஒரு நொதி மருந்தை உடைக்கும்ங்கிறது காரணம். இப்ப அதுல பிடிவாதம் குறைஞ்சிருக்கு. ஒரே நேரத்துல, தவறாமப் போறதுதான் பெருசு. அல்வாவுல வச்சா இறங்குதுன்னா அல்வாவுல வைங்க, நெல்லைக்காரன் பிள்ளை வேற எதுல முழுங்குவான்?

வார்டு சிஸ்டர் | 08.03.2024, இரவு 9:10

அண்ணாச்சி, ப்ரெட்னிசலோன் ஓடும்போது அல்வா வேண்டாம். சர்க்கரை ஏறும். அஸ்பராஜினேஸும் சேர்ந்திருந்தா இன்னும் ஏறும். அந்த ஊசி போட்ட பிள்ளை மேல் வயிறு வலின்னா வாய்வுன்னு ஓமத் தண்ணி கொடுத்து உட்காராதீங்க, கணையம் வீங்கியிருக்கலாம். அன்னைக்கே அமைலேஸ், லைபேஸ் பார்க்கணும்.

மாத்திரையைப் பாதியாக்குறதுக்கும் ஒரு முறை. கையுறை போட்டு, தனித் தட்டுல, ஈரத் துணியால துடைச்சுட்டு. பீடி சுத்துற சுளகுல வச்சு அருவாமனையால வெட்டுறது உண்டு, கூடவே கூடாது. முழுகாம இருக்கிற பொண்ணு தொடவே வேண்டாம்.

மருந்துக்கடை அண்ணாச்சி | 08.03.2024, இரவு 9:14

ஸ்டீராய்டு ஓடாத நாள்ல மட்டும்னு சேர்த்துக்குங்க. சிஸ்டர் சொல்றது சரி.

வார்டு சிஸ்டர் | 10.03.2024, காலை 6:20

காய்ச்சல். மார்புப் புற்றோ ரத்தப் புற்றோ, ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள்ள வெள்ளணு அடியில நிக்கும். ஒரே தடவை 101 காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்னாலோ கிளம்பணும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைச்சுட்டு விடியட்டும், முதல் பஸ்ஸுக்குப் போவோம்னு இருக்கக் கூடாது. நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்குற வெள்ளணு) 500-க்குக் கீழ இருந்தா ஆஸ்பத்திரி வாசல்ல நுழைஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் ஏறணும். சாந்தா காலத்து எம்.சி.பி. கணக்குல பிள்ளைகளைக் கொண்டு போனதுல கிருமிக்குப் பெரிய பங்கு உண்டு. இப்பவும் அப்படித்தான்.

வாசல்ல நின்னு பேசுறதை மாத்திக்குங்க. "காய்ச்சல்"னு சொன்னா டோக்கன் கொடுத்து உட்கார வைப்பாங்க. "கீமோ போட்டு பத்து நாள், காய்ச்சல்"னு சொல்லி நோட்டை முதல்ல நீட்டுங்க. ஆசன வாயில தெர்மாமீட்டர், எனிமா ரெண்டும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஊர்ல போடுற தடை ஏகப்பட்டது. சூடா வடிச்ச சோறு, வேக வச்ச முட்டை, தோல் உரிக்கிற பழம் எல்லாம் ஆகும். வாழைப்பழத்தைக் குளிர்ச்சின்னு நிறுத்தாதீங்க. அந்த நாள்கள்ல பழைய சோறும் தெருவோரச் சட்னியும் மட்டும் தள்ளி வைங்க.

கொக்கிரகுளம் | 11.03.2024, மாலை 4:40

சித்திக்கு அடுத்து டாக்சோரூபிசின்னு பேச்சு வந்துச்சாம், எக்கோ எடுக்கச் சொல்லியிருக்காங்க. அதுவும் ரத்தப் புற்று மருந்தா?

மருந்துக்கடை அண்ணாச்சி | 11.03.2024, இரவு 7:55

டௌனோரூபிசினும் இதுவும் ஒரே வகை. பிள்ளைகளுக்கு அது, மார்புக்கு இது. சிவப்பா இருக்கும், ரெண்டு நாள் மூத்திரமும் சிவப்பா வரும், ரத்தம்னு பயப்பட வேண்டாம். சதுர மீட்டருக்கு 60 மி.கி., சித்திக்கு 1.5-ன்னா 90. சதுர மீட்டர் கணக்குல நாலு சுத்துக்கு 240. அதே சதுர மீட்டர் கணக்குல ஆயுசுக்கு மொத்தம் 450, 550-க்கு மேல போனா இதயத் தசை தளரும் ஆபத்து கூடும், அதான் எக்கோ.

இதுக்கு ஒரு நீள நினைவு வேணும். இன்னைக்கு ரத்தப் புற்றுல தேறுற பொண்ணுக்கு முப்பது வருஷம் கழிச்சு மார்புல கட்டி வந்தா, சின்ன வயசுல வாங்கினதும் இந்த மொத்தத்துல சேரும். டிஸ்சார்ஜ் சீட்டுல மருந்துப் பேர் இருக்கும், மொத்த அளவு இருக்காது. கேட்டு எழுதி வாங்கி, பத்திரம், பட்டா வைக்கிற இடத்துல வைங்க.

பதிவேட்டு ஆள் | 12.03.2024, காலை 7:05

பாதியில நிறுத்துறதைப் பத்தி யாரும் பேசல. எனக்குப் பட்டதுல பெரிய காரணம் பயம் இல்ல, போக்குவரத்து. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் இருந்து ஒருத்தர் கூலியை விட்டுட்டுக் கூட வரணும். மருந்து காப்பீட்டுல வந்துரும், பஸ் காசு வராது. மூணாவது சுத்துல கட்டி கரைஞ்சு கைக்குத் தட்டுப்படாது, "சரியாயிட்டு"ன்னு நின்னுருவாங்க. ஆறு சுத்து எதுக்குன்னு முதல் நாளே சொல்லணும்: கைக்குத் தெரியுறதுக்கு மூணு சுத்தே போதும், தெரியாததுக்குத்தான் மீதி.

கொக்கிரகுளம் | 12.03.2024, காலை 7:31

சென்னைக்கே எழுதிக் கொடுத்தா ரயில்ல சலுகை உண்டாமே?

பதிவேட்டு ஆள் | 12.03.2024, காலை 7:40

உண்டு. ஸ்லீப்பர், மூணாம் ஏ.சி. ரெண்டுலயும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரி சான்றிதழை வாங்கிட்டு ஸ்டேஷன் கவுண்டர்ல கொடுத்து எடுக்கணும். நெல்லை எக்ஸ்பிரஸ் சீக்கிரம் நிறைஞ்சுரும், தேதி தெரிஞ்ச அன்னைக்கே போங்க. சான்றிதழை ரெண்டு நகல் எடுத்து வச்சுக்குங்க, டி.டி.ஆர். கேப்பார்.